காற்றில்லாத நாளும் கணக்கில் உண்டு

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கொல்கத்தாவில் இருந்தவர்கள் அந்த வெப்பத்தை மறந்திருக்க மாட்டார்கள். வெயில் 40 பாகையைத் தாண்டியது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் அரசு ஒரு வாரம் மூடிவைத்தது. பெஹாலாவில் எங்கள் வீடு டயமண்டு ஹார்பர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் உலர்த்திய புடைவை காலை முதல் மாலை வரை மடிப்புக் கலையாமல் தொங்கியது. கால்பைசாகி வருமா வருமா என்று தெருவே வடமேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நாள்களில் நான் வேறோர் இடத்திலும் காற்றுக்குக் காத்திருந்தேன். அந்த இடம் அட்லாண்டிக் பெருங்கடல். என் செல்பேசியில் ஒரு கடல் வரைபடம். அதில் சில புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு படகு; ஒவ்வொரு படகிலும் ஒரே ஓர் ஆள். இரவு படுக்குமுன் பார்ப்பேன், விடிந்ததும் பார்ப்பேன். புள்ளிகள் நகர்ந்திருக்கும், ஆனால் விரலால் அளந்தால் அளவு தெரியாது. சில வேளைகளில் அவற்றின் வேகம் மணிக்கு இரண்டு கடல்மைலுக்கும் குறைவு. பெஹாலா சௌராஸ்தாவிலிருந்து தாராதலாவுக்கு நாம் நடந்தே போனாலும் அதைவிட விரைவாகப் போய்விடலாம்!

இது என்ன பித்து என்று என் தாயார் கேட்டார்கள். நண்பர்கள் நகைத்தார்கள். "கிரிக்கெட் பார், கால்பந்து பார், நகராத படகை ஏனப்பா பார்க்கிறாய்?" என்றார்கள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்று முதுநிலை வேதியியல் படித்து, ஓர் ஆய்வை முடிக்க இயலாமல் தவித்த பிறகு விடை தெரிகிறது. அதைச் சொல்லவே நம் மன்ற இதழில் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'கோல்டன் குளோப்' என்பது ஒற்றை ஆள் பாய்ப்படகுப் போட்டி. பிரான்சு நாட்டின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்தில் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை ஆகிய மூன்றையும் கடந்து, எந்தக் கரையிலும் இறங்காமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். தொலைவு ஏறத்தாழ 30,000 மைல். வழிகாட்ட ஜி.பி.எஸ். கூடாது, செக்ஸ்டண்ட் என்னும் கருவியால் கதிரவனையும் விண்மீன்களையும் அளந்து, தாள் வரைபடத்தில் தாமே தம் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று 16 பேர் புறப்பட்டனர். எங்கும் நில்லாமல் முதற்பிரிவில் பயணத்தை முடித்தவர்கள் மூவரே.

அந்த மூவருள் ஒருவர் நம் நாட்டுக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி. 2012 நவம்பரில் மும்பையில் புறப்பட்டு 2013 மார்ச்சு இறுதியில் திரும்பி, எங்கும் நில்லாமல் தன்னந்தனியாக உலகைப் பாய்ப்படகில் சுற்றிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றவர் அவர். 2018இல் இதே கோல்டன் குளோப் போட்டியில், தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார், பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பும் முறிந்தது. எழுந்து நிற்கவும் இயலாமல் கிடந்தவரை மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. முதுகில் உலோகத் தண்டு பொருத்தி, மீண்டும் நடக்கக் கற்று, அடுத்த போட்டிக்கு அவரே வந்து நின்றார். நான் பின்தொடர்ந்த புள்ளிகளுள் ஒன்று அவருடையது. அதற்கு முன்னால் சென்ற புள்ளி தென்னாப்பிரிக்காவின் கர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்னும் பெண்மணியுடையது.

எனக்குக் கடற்பித்து குடிவழி வந்தது. என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் தோணியின் தலைவர். வெங்காயமும் மிளகாயும் கருவாடும் ஏற்றிக்கொண்டு, எஞ்சின் இல்லாமல், பாய் விரித்துக் கொழும்புக்குப் போய் வந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டார். எல்லாம் ஆச்சி சொல்லக் கேட்டதுதான். கச்சான், சோழகம், கொண்டல், வாடை என்று நான்கு காற்றுக்கும் நான்கு குணம் சொல்லுவார் ஆச்சி. பிறகு ஐந்தாவதாக ஒன்று சொல்லுவார்: "காத்தில்லாத காத்து. அதுதாம்ல ஆளைக் கொல்லும்." தந்தையாரின் வேலை கிதிர்ப்பூர்த் துறைமுகத்தை ஒட்டி அமைந்ததால், என் பதினைந்தாம் வயதில் நாங்கள் பெஹாலாவுக்குக் குடிபெயர்ந்தோம். ஆச்சி ஊரிலேயே இருந்துவிட்டார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம்.

காற்றில்லாத காற்று ஆளை எப்படிக் கொல்லும்? அறிவியல் மாணவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் கணக்காகவே சொல்லலாம். பாயின்மேல் காற்று செலுத்தும் விசை, காற்றின் வேகத்தின் இருமடிக்கேற்ப அமைகிறது. காற்று பாதியாகக் குறைந்தால் விசை கால் பங்காகும். மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் ஒன்பதில் ஒன்றாகும். கொஞ்சம் குறைந்தாலே பெரிதாக நலிந்துபோவது படகின் இயல்பு. நிலநடுக்கோட்டை ஒட்டி, வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் வணிகக் காற்றுகள் சந்திக்கின்றன. அங்கே வெம்மையால் காற்று மேலே எழுகிறது. கடற்பரப்பில் கிடையாக வீசும் காற்று குன்றிவிடுகிறது. புவியியல் வகுப்பில் 'அமைதி மண்டலம்' என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். அதைத் தாண்டி வடக்கே வந்தாலும், உயரழுத்தப் பகுதி ஒன்று குறுக்கே படுத்துக்கொண்டால் மறுபடியும் அதே நிலை.

நான் அறியாதிருந்த ஒரு செய்தியை அந்தப் போட்டி எனக்குக் கற்றுத் தந்தது. காற்று ஓய்ந்தால் படகோட்டிக்கும் ஓய்வு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறு! இந்தப் படகுகளில் மின்சாரத்தால் இயங்கும் சுக்கான் கிடையாது. காற்றின் திசையை உணர்ந்து சுக்கானைத் திருப்பும் ஒரு தகடு பின்புறத்தில் உண்டு. காற்று வலுவாக வீசும்போது அது சலிக்காமல் வேலை செய்யும். ஆள் உள்ளே படுத்துச் சிறிது நேரம் கண்ணயரலாம். காற்று நலிந்தால் தகட்டுக்குத் திசை தெரியாது. அப்போது மனிதனே சுக்கானைப் பிடித்து உட்கார வேண்டும். படகில் பத்துப் பேர் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். ஒருவர்தான் என்றால்? பயன் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் உழைப்பு மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. இது கடலின் கொடுமை. ஆய்வின் கொடுமையும் இதுவே.

அதுமட்டுமன்று. காற்று ஓய்ந்தாலும் அலை ஓய்வதில்லை. படகு இருபுறமும் உருளும்; தளர்ந்த பாய் கயிற்றிலும் மரத்திலும் அடித்து அடித்து நைந்துபோகும். நகராத படகின் அடியில் சிப்பிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். பின்பு காற்று வந்தாலும் அவை படகைப் பற்றி இழுக்கும். 2018இல் புறப்பட்ட போட்டியில் பின்லாந்தின் தபியோ லெஹ்டினன் இந்தச் சிப்பிகளாலேயே பிந்தி, 322 நாள் கழித்துக் கரை சேர்ந்தார். ஆகையால் நல்ல படகோட்டி காற்றில்லாத நாளில் பாயைத் தைக்கிறான், கயிற்றை மாற்றுகிறான், நீரில் இறங்கிச் சிப்பியைச் சுரண்டுகிறான். சிறு மூச்சுக் காற்று வந்தாலும் அது வீணாகாதபடி பாயை மட்டும் விரித்தே வைத்திருக்கிறான்.

ஏப்ரல் 27 அன்று கர்ஸ்டன் கரையை நெருங்கினார். எட்டு மாதங்களுக்குச் சற்றே குறைந்த பயணத்தின் கடைசி நாள்! அன்றும் காற்று இல்லை. துறைமுகத்தில் மக்கள் திரண்டு நிற்க, படகு நீரில் ஊர்ந்தது. அவர் எல்லைக்கோட்டைக் கடந்தபோது நமக்கு நள்ளிரவு கடந்திருந்தது. மூன்று பெருமுனைகளைச் சுற்றும் ஒற்றை ஆள் உலகப் போட்டியில் வென்ற முதல் பெண் அவர். ஒன்றரை நாள்கூடக் கழியுமுன், ஏப்ரல் 29 அன்று அபிலாஷ் டோமி இரண்டாமவராக வந்து சேர்ந்தார். அதே கர்ஸ்டன், 2022 நவம்பரில், படகு மூழ்கித் தெப்பத்தில் தத்தளித்த தபியோ லெஹ்டினனைத் தேடிச் சென்று காப்பாற்றி, ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு வந்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். போட்டியில் முந்துவது ஒன்றே குறியாக அவர் இருந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்.

நண்பர்களே! கடலைப் பற்றிப் பேசினால் தமிழராகிய நமக்கு மார்பு விரியும். கரிகாலனின் முன்னோன் காற்றையே ஏவல்கொண்டு கலம் செலுத்தினான் என்று வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாட்டில் போற்றுகிறார். நம் மேடைகளில் அதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நானும் பேசியிருக்கிறேன்; கைதட்டல் பெற்றிருக்கிறேன். ஆனால் ஓர் ஐயம். காற்றை ஆண்ட அந்தச் சோழனின் மாலுமிகளுக்கும் காற்று வராத நாள்கள் இருந்திருக்குமல்லவா? அன்று அவர்கள் என்ன செய்தார்கள்? அதைப் பற்றி நாம் பேசுவதில்லை. வென்ற நாளை விழாவாக்குகிறோம். நின்ற நாளை மறைத்துவிடுகிறோம். இந்தப் பழக்கம்தான் நம் மாணவர் வாழ்வில் பெருந்தீங்கு செய்கிறது என்பது என் துணிபு.

மறைத்தால் என்ன ஆகும்? அதற்கும் கடலிலேயே ஒரு சான்று இருக்கிறது. இந்தப் போட்டி முதன்முதலில் நடந்தது 1968இல். கலந்துகொண்டவர் ஒன்பதின்மர். முடித்தவர் ஒருவரே: இராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கு மரத்தால் கட்டிய 'சுஹைலி' என்னும் 32 அடிப் படகில் 312 நாள் பயணம் செய்து, 1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பினார்.

அதே போட்டியில் இன்னொருவர் இருந்தார். டொனால்டு க்ரோஹர்ஸ்ட் என்னும் மின்னணுப் பொறியாளர். நம்மைப் போல் அறிவியல் கற்றவர்; கருவிகள் செய்யத் தெரிந்தவர்; கடன்பட்டவர். அவருடைய படகு ஒழுகியது; வேகமும் வரவில்லை. திரும்பினால் கடன் கழுத்தை நெரிக்கும். தொடர்ந்தால் தென்கடல் விழுங்கும். அவர் மூன்றாவது வழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, விரைந்து செல்வதாக வானொலியில் பொய்ச் செய்தி அனுப்பினார். ஒரே நாளில் 243 கடல்மைல் ஓடியதாகவும் சொன்னார், உலகம் வியந்தது. படகில் உண்மைக் கணக்கு ஒரு புறமும் பொய்க் கணக்கு ஒரு புறமும் வளர்ந்தன. வானியல் அளவீடுகளைப் பொய்யாகக் கணக்கிட்டு எழுதுவது, மெய்யாக அளப்பதைவிடக் கடினமான வேலை. அந்த அறிவையும் உழைப்பையும் எண்ணிப் பாருங்கள்!

1969 ஜூலை 10 அன்று அவருடைய படகு நடுக்கடலில் ஆளின்றி மிதந்துகொண்டிருந்தது. ஏடுகள் உள்ளே இருந்தன. அவர் இல்லை.

அந்தப் பொய் அவரோடு நிற்கவில்லை. நைஜல் டெட்லி என்பவர் மெய்யாகவே உலகைச் சுற்றிவிட்டு வீடு நோக்கி வந்துகொண்டிருந்தார். க்ரோஹர்ஸ்ட் நெருங்கி வருகிறார் என்ற செய்தியை நம்பி, முன்பே நைந்திருந்த தம் படகை அவர் விரட்டினார். 1969 மே மாதம், அசோர்ஸ் தீவுகளுக்கு அருகில் படகு உடைந்து மூழ்கியது. உயிர் தப்பியது, பயணம் போயிற்று. ஒருவன் எழுதிய பொய்யான எண், அதை நம்பிய இன்னொருவனின் கலத்தைக் கவிழ்த்தது. பரிசுத் தொகை 5,000 பவுனையும் நாக்ஸ்-ஜான்ஸ்டன் க்ரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்கே கொடுத்துவிட்டார் என்பது இந்தக் கதையில் உள்ள ஒரே ஆறுதல்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் முதுநிலை ஆய்வில் ஒரு வினையை மும்முறை நிகழ்த்தி, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் விளைபொருளின் அளவைக் குறிக்க வேண்டும். சனவரியில் முதல்முறை செய்தேன். நூற்றுக்கு 79 வந்தது. துள்ளிக் குதித்தேன். ஏப்ரலில் இரண்டாம் முறை, 46. சூனில் மூன்றாம் முறை, 51. கண்ணாடிக் கலங்களை மாற்றினேன்; வேதிப்பொருளை மாற்றினேன்; பயனில்லை. மெட்ரோவில் ஏறுவேன், ஆய்வுக்கூடம் போவேன், இரவு வீடு திரும்புவேன். நாள்கள் போயின, எண் நகரவில்லை.

அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. நண்பர் ஒருவர் என் ஏட்டைப் பார்த்தார். "முதல் எண் சரியாகத்தானே இருக்கிறது? மற்ற இரண்டையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடு. எல்லாரும் செய்வதுதான்" என்றார். அவர் தீயவர் அல்லர். என்மேல் இரக்கம் கொண்டுதான் சொன்னார். அன்றிரவு பெஹாலா வீட்டின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, பென்சிலால் 78 என்றும் 81 என்றும் எழுதினேன். ஆம், எழுதினேன். மறைக்காமல் சொல்லுவதற்குத்தானே இந்தக் கட்டுரை! எழுதியதும் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? 79, 78, 81. பாய் புடைத்து ஓடுகிற படகு போல் இருந்தது.

அன்று ஞாயிறு. ஆச்சியின் அழைப்பு வந்தது. "என்னல, படிப்பு எப்படிப் போகுது?" என்றார். ஆறு மாதமாக "நல்லாப் போகுது ஆச்சி" என்று சொல்லிப் பழகிய நாக்கு அன்று எழவில்லை. "போகல ஆச்சி. நின்னுபோச்சு" என்றேன். எதிர்முனையில் சிறிது நேரம் ஓசை இல்லை. அழுவாரோ, தந்தையாரிடம் சொல்லுவாரோ என்று அஞ்சினேன். ஆச்சி கேட்டது வேறு: "பாயை இறக்கிட்டியா?" இல்லை என்றேன். "அப்போ சரி. உங்க தாத்தா கொழும்புக்குப் போனா சொன்ன நாளுக்கு என்னைக்கு வந்திருக்காக? காத்து விழுந்துட்டுன்னா விழுந்துட்டுன்னுதான் சொல்லுவாக. குடிதண்ணியை அதை வச்சுத்தான்ல அளந்து ஊத்தணும்."

இந்தச் சொல்லில்தான் எனக்கு விளக்கம் கிடைத்தது. காற்றில்லாத நாளை மாலுமி ஏட்டில் எழுதுவது ஒழுக்கத்தைக் காட்டிக்கொள்ள அன்று, உயிர் பிழைக்க. எத்தனை நாள் நின்றோம் என்று தெரிந்தால்தான் எத்தனை குவளை நீர் மிச்சம் வைக்க வேண்டும் என்று தெரியும். நின்ற நாளை ஓடிய நாளாக எழுதிவிட்டால் ஏடு அழகாக இருக்கும், குடம் வறண்டுவிடும். மெய்க்கணக்கு ஒரு கருவி. செக்ஸ்டண்டைப் போல, சுக்கானைப் போல, அதுவும் கரை சேர்க்கும் கருவி.

பென்சில் எண்களை அழித்தேன். 79, 46, 51 என்றே மையால் எழுதிக்கொடுத்தேன். என் ஆசிரியர் பாராட்டவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "முதல் முறை எந்த மாதம் செய்தாய்?" என்று மட்டும் கேட்டார். சனவரி! கொல்கத்தாவில் காற்று வறண்டிருக்கும் மாதம். மற்ற இரண்டும் ஈரம் கனத்த மாதங்கள். ஈரக்காற்று என் கரைப்பானில் புகுந்து வினையைக் கெடுக்கிறதோ என்ற ஐயம் அப்போதுதான் பிறந்தது. அது மெய்தானா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிவு தெரியவில்லை. ஆனால் 78 என்றும் 81 என்றும் எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அடுத்த ஆண்டு என் ஏட்டை நம்பி அதே வினையைச் செய்ய வரும் தம்பியோ தங்கையோ, தம் கையில்தான் குறை என்று எண்ணி மாதக்கணக்கில் மாய்ந்திருப்பார்கள். டெட்லியின் படகைக் கவிழ்த்த குற்றத்தை நானும் செய்திருப்பேன்.

"உனக்கென்ன, நல்ல ஆசிரியர் வாய்த்தார், எங்கள் நிலை வேறு" என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை இருக்கிறது. உதவித்தொகைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஊரில் நிலத்தை அடகு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில், தங்கை திருமணத்துக்கு முன் வேலை தேடிக்கொள்ள வேண்டிய அண்ணன்மார் நம்மிடையே உண்டு. அவர்களிடம் போய், பொறுத்திருந்தால் காற்று வரும் என்று உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. காற்று வராமலும் போகலாம். 16 பேர் புறப்பட்டு மூவர்தாம் முடித்தார்கள் என்பதை மறந்து நான் பேசவில்லை.

நான் சொல்வது இவ்வளவே: நின்றுவிட்டோம் என்பதை முதல் வாரத்திலேயே சொன்னால் பிறர் உதவ வழியுண்டு. கடைசி மாதத்தில் சொன்னால் இரங்கத்தான் முடியும். க்ரோஹர்ஸ்டும் முதல் மாதத்திலேயே ஒரு துறைமுகத்தில் இறங்கி, படகு ஒழுகுகிறது என்று சொல்லியிருந்தால் கடனாளியாகத் திரும்பியிருப்பார், ஆனால் திரும்பியிருப்பார்! அவருக்குத் துணிவு குறைவில்லை. தோல்வியைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

இங்கே இன்னொரு படகை நினைக்கிறேன். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்ட கடற்படைப் படகு 'தாரிணி'. அதில் இருவரே: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. போட்டியாக அல்லாமல், வழியில் நான்கு துறைமுகங்களில் நின்று, காற்றை மட்டுமே நம்பி 25,000 கடல்மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பினர். தமிழ்ப்பெண் ஒருத்தி உலகைச் சுற்றினாள் என்று நாம் பெருமைப்பட்டோம், பெருமைப்பட வேண்டியதே. என் மனத்தில் நின்றது வேறு. படகில் இருவர் இருந்தால், காற்றில்லாத இரவில் ஒருவர் சுக்கானைப் பிடிக்க மற்றவர் உறங்கலாம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, இரண்டுக்கும் இருபதுக்கும் உள்ளதைவிடப் பெரிது.

நம் தமிழ் மன்றம் எதற்காக இருக்கிறது? பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் மட்டுமா? பொங்கலும் வேண்டும், பட்டிமன்றமும் வேண்டும். ஆனால் தொலைவிலிருந்து வந்து தனித்தனிப் படகாக மிதக்கும் நமக்கு இரண்டாவது கையாக இருப்பதே மன்றத்தின் முதல் வேலை என்பேன். பரிசு பெற்றவரை மேடையேற்றி மாலை இடுகிறோம். பரிசு பெறாதவர் அந்த மாலைப்பொழுதில் பின்வரிசையில் உட்கார்ந்து, நாளை வீட்டுக்கு என்ன பொய் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பதை நாம் பார்ப்பதில்லை.

ஆகவே மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை, முதல் சனிக்கிழமை மாலை, மேடையும் மாலையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் ஒரு கூட்டம் கூட்டுவோம். அங்கே எவரும் வெற்றியைச் சொல்லக்கூடாது. வராத விளைவு, புரியாத பாடம், எழுதமுடியாத அதிகாரம், எழுதாமல் விட்ட தேர்வு ஆகியவற்றையே சொல்ல வேண்டும். கேட்பவர்கள் அறிவுரை வழங்க அவசரப்பட வேண்டாம். முதலில் கேட்டால் போதும். வேதியியல்காரனின் சிக்கலுக்குப் பொருளியல்காரனிடம் மருந்து இருக்காது. ஆனால் இவனும் நிற்கிறான், இவளும் நிற்கிறாள், நான் மட்டும் நிற்கவில்லை என்பது தெரிந்தால் அன்றிரவு உறக்கமாவது வரும். மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் இருவர் இருவராகச் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

பாய்க்கப்பல் காலத்தில் இந்த ஊருக்கு வந்த கலங்கள் காற்றுக்கும் ஓதத்துக்கும் காத்து ஹூக்ளியில் நங்கூரம் பாய்ச்சிக் கிடந்தன. எங்கள் தெருமுனையில் ஓடும் சாலை அந்த ஆற்றுத்துறைக்குத்தான் போகிறது. அதன் பெயரிலேயே துறைமுகம் இருக்கிறது. காத்திருப்பது இந்த ஊருக்கும் புதிதன்று, நமக்கும் இழுக்கன்று.

முதற்கூட்டத்துக்கு ஆள் வருவார்களா என்று செயலாளர் கேட்டார். ஒருவன் கட்டாயம் வருவான் என்று சொல்லியிருக்கிறேன். 79, 46, 51 என்னும் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். நீங்களும் உங்கள் தாளோடு வாருங்கள்.